ஊர் மீளலும் உடைமை உறவும்: யாழ்ப்பாணத்து ‘வருகை’ எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

1

ஈழத்துத் தமிழ் எழுத்தில் அண்மைக் காலத்திலே மிகுதியாகக் கையாளப்பட்டும் போதிய அளவு ஆராயப்படாதிருக்கும் பொருள்களுள் ஒன்று ஊர் மீளல் ஆகும். கனடாவிலோ ஐரோப்பிய நாடொன்றிலோ அவுஸ்திரேலியாவிலோ பல்லாண்டுகள் வாழ்ந்த ஒருவர், யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள தமது ஊருக்குச் சில வாரங்கள் வந்து, உற்றார் உறவினரைக் கண்டு, மீண்டும் திரும்பிச் செல்லும் அனுபவம் சிறுகதையாகவும் கவிதையாகவும் எழுதப்படுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பயணக் கட்டுரையாக அது எழுதப்படுகின்றது. இவ்வகை எழுத்துக்களை இக்கட்டுரையில் ‘வருகை எழுத்து’ எனக் குறிப்போம்.

இவ்வெழுத்துக்களை நோக்குவோர் பொதுவாக இரண்டு நிலைகளில் நின்று பேசுகின்றனர். முதலாவது ரசனை முறை சார்ந்தது. நெஞ்சைத் தொடுகிறது, கண்களைக் கலங்க வைக்கிறது என்பதோடு அது நின்றுவிடும். இரண்டாவது மண்ணுக்கும் மனிதனுக்குமுள்ள பிரிக்க முடியாத பந்தத்தின் சான்றாக அவற்றைக் கொள்வது. இரு நிலைகளும் தம்முள் மாறுபட்டவை போலத் தோன்றினும் ஓரிடத்தில் உடன்படுகின்றன. ஊர் மீளலை அவை காலங்கடந்த, வர்க்கங்கடந்த ஒரு மனித உணர்வாகவே கொள்கின்றன. உணர்வு உண்மையானதே. இருபது வருடங்களுக்குப் பின் தாயைக் காணும் மகனின் கண்ணீரை ஐயுறுவது திறனாய்வாளனின் தொழில் அன்று. ஆயின், அம்மகன் இருபது வருடங்கள் வராதிருந்தமைக்குக் காரணம் யாது, இப்போது எந்தக் கடவுச்சீட்டில் வருகிறான், வந்து தங்கும் வீடு யாருடைய பராமரிப்பில் இருந்தது, அவன் சென்ற பின் அங்கு எஞ்சுவது யாது என்னும் வினாக்களை எழுப்பாமல் அக்கண்ணீரின் பொருளை விளங்கிக்கொள்ளல் இயலாது. இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பிரிந்தவர் மீளுதல் தமிழ்க் கவிதைக்குப் புதிய பொருள் அன்று. சங்க அகப்பாடல்களிலே பொருள்வயிற் பிரிவு பாலைக்குரிய முக்கிய துறையாகவும், சென்றவன் வருவான் என ஆற்றியிருத்தல் முல்லைக்குரிய ஒழுக்கமாகவும் அமைந்தன. கடல் கடந்து செல்லும் பிரிவிலே பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை எனத் தொல்காப்பியம் விதி கூறுகின்றது. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பதும் அந்நூலின் விதியே. இவ்விரு விதிகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். பொருள் தேடிச் செல்பவன் ஆண். காத்திருப்பவள் பெண். அவர்கள் எவ்வூரார், எக்குடியினர், தேடப்பட்ட பொருள் யாது, அது எவ்வாறு பங்கிடப்பட்டது என்பன பாட்டுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. உணர்வு அதன் சமூகக் குறிப்பீடுகளினின்றும் பிரித்தெடுக்கப்பட்டுத் தூய்மையாக்கப்படுகின்றது. இன்றைய வருகை எழுத்து ஊர்ப் பெயர்களை நிறையவே கூறுகிறது. ஒழுங்கை, கோயில், பாடசாலை என எல்லாவற்றையும் பெயர் சுட்டி அழைக்கிறது. ஆயினும் மனிதரிடை உறவுகளைப் பொறுத்தவரையில் அகமரபின் மௌனத்தையே அது தன்னை அறியாமல் பின்பற்றுகின்றது எனலாம்.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை நவீன காலப் பெயர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூறிலே தொடங்கிற்று. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரும் 1823இல் அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியும் தொடக்கிவைத்த ஆங்கிலக் கல்வி, குடாநாட்டின் புகையிலைத் தோட்டங்களும் நெல்வயல்களும் ஏற்க முடியாத அளவில் ஒரு கற்ற கூட்டத்தை உருவாக்கியது. மலாயாவில் பிரித்தானியர் தமது நிருவாகத்தை விரித்தபோது, குறிப்பாக 1896இல் இணைப்பு மலாய் மாநிலங்கள் உருவானதன் பின்னர், றெயில்வே, நில அளவை, பொதுவேலை, திறைசேரி ஆகிய பகுதிகளில் எழுதுவினைஞர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் யாழ்ப்பாணத்தார் பெருமளவிற் சென்றனர். அவர்கள் மாதந்தோறும் அனுப்பிய பணமே ‘மணியோடர் பொருளாதாரம்’ என்னும் தொடரை எமக்குத் தந்தது. 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை வந்து சேர்ந்தது. கொழும்பும் அதற்கப்பாலுள்ள கப்பற் பாதைகளும் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்துக்கு அருகே வந்தன.

மலாயாவிலிருந்து மீண்டவர் நிரந்தரமாக மீண்டவர். இடையிடையே லீவில் வந்து கல்யாணம் செய்தவர், ஓய்வூதியத்துடன் முடிவாக வந்து சேர்ந்தபோது ‘மலாயன் பென்சனியர்’ என்னும் சமூக வகைமாதிரி தோன்றிற்று. கல்வீடு, கோயில் திருப்பணி, பாடசாலைக் கட்டடம், மகளின் சீதனம் ஆகிய நான்கிலுமே அவரது சேமிப்புச் செலவாயிற்று. இங்கு ஒரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. வேதனம் முதலாளித்துவ ஏகாதிபத்திய நிருவாகத்திலிருந்து வந்தது. அது செலவிடப்பட்ட முறையோ ஊரின் நிலமானிய உறவுகளை வலுப்படுத்தியது. வேளாளக் குடும்பத்தின் நாற்சார் வீடு பெருத்தது. அவ்வீட்டுக்குத் தொழும்பு செய்தோரின் குடிசை அப்படியே இருந்தது. தேசவழமைச் சட்டம் 1707இல் ஒல்லாந்தரால் எழுத்திலே தொகுக்கப்பட்டபோது வகுத்துக் காட்டிய முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் உடைமைப் பாகுபாட்டிலே, மலாயாப் பணம் ‘தேட்ட’மாக வந்து, அடுத்த தலைமுறையில் சீதனமாகவும் முதுசமாகவும் உறைந்துபோயிற்று. 1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் மணியோடரும் கடிதமும் அற்றுப்போயின. அதை நம்பியிருந்த குடும்பங்கள் 1945 வரை பட்ட அவதி, அப்பொருளாதாரம் எத்துணைப் பலவீனமான அடித்தளத்தில் நின்றது என்பதைக் காட்டும்.

எழுத்தைப் பொறுத்தவரை இக்கட்டத்தின் முக்கிய இயல்பு ஒன்றுண்டு. பென்சனியர் பெரும்பாலும் கதை சொல்பவர் அல்லர். பிறரால் நோக்கப்படும் பாத்திரம். அவரது பெருமிதத்தையும் சிக்கனத்தையும் கோயில் நிருவாகச் சண்டைகளையும் அயலார் கவனித்துப் பேசுகின்றனர். மீண்டவர் ஊராரின் கண்ணுக்குட்பட்டவராகவே இருந்தார். இது பின்னர் தலைகீழாக மாறியது.

3

1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் ஏற்பட்ட பெயர்வு அளவிலும் பண்பிலும் வேறானது. மலாயாவுக்குச் சென்றவரிடம் நியமனக் கடிதம் இருந்தது. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்ற இளைஞனிடம் இருந்ததோ அச்சமும், தாயின் தாலிக்கொடியை ஈடு வைத்துப் பெற்ற கடனும். அவன் போய்ச் சேர்ந்த இடத்தில் அவனது வாழ்வை நிருணயித்தது 1951ஆம் ஆண்டின் அகதிகள் பற்றிய ஜெனீவாச் சமவாயம். அச்சமவாயத்தின்படி அகதி என்பவன் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாதவன். தானாகவே சென்று அந்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் பெற்றுக்கொண்டால் அகதி நிலை முடிவுறலாம். ஆகவே அவன் தனது வாழ்க்கைக் கதையைச் சொல்ல நேர்ந்த முதல் சந்தர்ப்பமே, ‘நான் திரும்ப முடியாது’ என்பதை ஓர் அதிகாரி முன் நிரூபிக்கும் சந்தர்ப்பமாயிற்று. புலம்பெயர் உரைநடையின் ஊற்றுக்கண்களுள் ஒன்று இந்த விண்ணப்பமாகும். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அகதி விண்ணப்பத்தின் வடிவத்திலேயே தொடங்குவது வெறும் உத்தி அன்று. அக்காலத்துத் தமிழ் இளைஞனின் சுயசரிதை எந்த வடிவத்திலே முதன்முதலிற் கோரப்பட்டதோ அந்த வடிவத்தை அது இலக்கியமாக்கிற்று. திரும்ப முடியாமையை மெய்ப்பித்தாக வேண்டிய மனிதன், இரவிலே திரும்புவதையே கனவு காண்கிறான். இம்முரண்பாடே 1980களினதும் 1990களினதும் புலம்பெயர் எழுத்தின் உந்துவிசை எனலாம்.

இக்காலத்தில் ஊர் மீளலின் இடத்தை வேறு வடிவங்கள் நிரப்பின. பெற்றோரின் ஈமச்சடங்கு வீடியோ நாடாவாக வந்து சேர்ந்தது. அது பாரிஸ், ரொறன்ரோ நகரங்களின் வாடகை அறைகளிலே கூட்டமாகப் பார்க்கப்பட்டது. பத்திரிகை மரண அறிவித்தல்களில் பிள்ளைகளின் பெயர்களுக்கு அருகே அடைப்புக்குறிக்குள் கனடா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே என நாடுகள் இடம்பெறத் தொடங்கின. முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் ‘கல்வெட்டு’ எனும் நினைவு நூலிலும் அவ்வாறே. யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை இந்த அடைப்புக்குறிகளைக் கொண்டே எழுதிவிடலாம். திறனாய்வாளர் இத்தகைய எழுத்துக்களைப் புறக்கணிப்பது வழக்கம். ஆயின் ஒரு சமூகத்தின் பிரக்ஞை அதன் நாவல்களில் மட்டும் பதிவாவதில்லை.

1994இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்த ‘பனியும் பனையும்’ புலம்பெயர் சிறுகதைகளை ஒருங்கு சேர்த்தளித்த முக்கியமான தொகுப்பு. அதன் தலைப்பு இன்றுவரை வழங்கும் ஒரு படிமத்தை நிலைநாட்டியது. பனி அந்நியம், பனை சொந்தம் என்னும் எதிர்வு கேட்பதற்கு இனியது, ஓசையிலும் பொருந்துவது. ஆயின் அது இரண்டு உலகங்களையும் இரண்டு தட்பவெப்பங்களாகச் சுருக்குகின்றது. உணவகத்தின் பின்கட்டிலே கோப்பை கழுவிய தமிழ்த் தொழிலாளியின் வாழ்வைப் பனி என்று சொல்லிவிட முடியாது. பனையேறிப் பிழைத்தவனின் வாழ்வுக்குப் பனை ஒரு சின்னமும் அன்று. அது அவனது தொழிற்கருவி. அதே பனையின் சொந்தக்காரன் வேறொருவனாகவும் இருந்தான். இயற்கைப் படிமங்கள் உற்பத்தி உறவுகளை மறைக்கும் திரையாகத் தொழிற்படுவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இவ்விடத்தில் புலம்பெயர்ந்தோர் அனைவரையும் ஒரே வகுப்பாகக் கொள்வதும் தவறாகும். அ. முத்துலிங்கத்தின் ‘அக்கா’ (1964) க. கைலாசபதியின் முன்னுரையோடு வெளிவந்த தொகுதி. பின்னர் அவர் சர்வதேச நிறுவனங்களின் உயர்தர உத்தியோகத்தராகப் பல நாடுகளில் வாழ்ந்தார். கொக்குவிலின் இளமைக்கால உலகை நுண்மையோடும் அங்கதத்தோடும் நினைவுகூரும் அவரது உரைநடையின் நிதானத்துக்கும், அகதி எழுத்தின் பதற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாற்றலின் வேறுபாடாக மட்டும் விளக்கிவிட முடியாது. போய்வர உரிமையுள்ளவனின் நினைவும், போக முடியாதவனின் நினைவும் ஒரே வகையில் வாக்கியமாவதில்லை.

4

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து அவ்வாண்டு ஏப்ரிலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது நிலைமை மாறியது. 1980களிற் சென்றோருள் கணிசமானோர் அதற்குள் அந்நிய நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தனர். திரும்ப முடியாமையை நிரூபித்துப் பெற்ற குடியுரிமையே திரும்பி வருவதற்கான பத்திரமாயிற்று. அவர்கள் வந்தது புதல்வர்களாக எனினும், சட்டத்தின் கண்ணில் வந்தது வெளிநாட்டவராக. ஓமந்தையிலும் முகமாலையிலும் இரு தரப்புச் சோதனைகளைக் கடந்தே அவர்கள் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். வன்னியூடாகச் சென்ற வருகையாளரிடம் விடுதலைப் புலிகள் நிதிப் பங்களிப்பைக் கணக்கெடுத்துக் கோரியமை மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளிற் பதிவாகியுள்ளது. பாதை 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் பேரழிவோடு போர் முடிந்த பின்னரே போக்குவரத்து படிப்படியாக வழமைக்குத் திரும்பியது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை மீண்டும் வந்தடைந்தது. அதே மாதத்திலே வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடையோர் வடக்கே செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்னும் கட்டுப்பாடு மீண்டும் கொண்டுவரப்பட்டு, 2015 ஜனவரியில் ஆட்சி மாற்றத்தோடு நீக்கப்பட்டது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று.

வருகையாளரின் சட்டநிலை எத்தகையது என்பதை வ.ஐ.ச. ஜெயபாலனுக்கு நேர்ந்தது துலக்கமாகக் காட்டுகின்றது. நோர்வேக் குடியுரிமை பெற்ற அக்கவிஞர் 2013 நவம்பரில் ஊர் வந்திருந்தபோது மாங்குளத்திலே கைதுசெய்யப்பட்டார். சுற்றுலா விசா நிபந்தனைகளை மீறினார் என்பதே குற்றச்சாட்டு. பின்னர் அவர் நாடு கடத்தப்பட்டார். தன் மண்ணைப் பற்றி வாழ்நாள் முழுவதும் பாடிய ஒருவர் அம்மண்ணிலே ‘சுற்றுலாப் பயணி’யாக இருக்க வேண்டும், பேசுவதானால் பயணியாக மட்டும் பேச வேண்டும் என அரசு விதித்தது. இது அரச ஒடுக்குமுறையின் ஒரு வடிவம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அரசு விதித்த இந்தப் பயணி நோக்கை, யாரும் வற்புறுத்தாமலே, வருகை எழுத்திற் பெரும்பகுதி தானாக ஏற்றுக்கொண்டுள்ளது என்பதே இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது.

இவ்வெழுத்தின் அமைப்பு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. கட்டுநாயக்காவில் இறங்குதல், நீண்ட இரவுப் பயணம், ஆனையிறவில் உப்புக்காற்று, சந்தியில் ஊர்ப் பெயர்ப்பலகை, கறையான் அரித்த கதவு, தாயின் சுருங்கிய கை, கிணற்று நீர், நல்லூர்த் திருவிழா, பழைய பாடசாலை, இறுதியில் படலையில் விடைபெறுதல். நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் மகோற்சவம் பெரும்பாலும் ஓகஸ்டில், மேலைநாட்டுப் பாடசாலை விடுமுறையோடு பொருந்தி வருவதால், வருகைக்கு ஒரு பருவமும் உண்டாயிற்று. இந்நிலைகளுள் எதுவும் பொய்யன்று. ஆயின் அவற்றை இணைக்கும் தருக்கம் யாது என நோக்கினால், ஒவ்வொன்றும் ‘அன்று இருந்தது, இன்று இல்லை’ அல்லது ‘அன்று இருந்தது, இன்றும் இருக்கிறது’ என்னும் ஒப்பீட்டில் முடிவதைக் காணலாம். ஊரின் மெய்ம்மையை அளக்கும் கோல் எழுத்தாளரின் இளமைக்காலம். ஊரில் நின்றவர்கள் அந்த இளமைக்காலத்தின் காவலாளர்கள் ஆகின்றனர். அவர்கள் மாறியிருந்தால் அது ஏமாற்றம். மாறாதிருந்தால் அது ஆறுதல். அவர்களுக்கெனத் தனியாக ஓர் இடைக்காலம் இருந்தது, அக்காலத்தில் 1995 ஒக்டோபர் வலிகாம இடப்பெயர்வையும் பொருளாதாரத் தடையையும் காணாமலாக்கப்படுதலையும் அவர்கள் வாழ்ந்து கடந்தார்கள் என்பது வருகையாளரின் வருத்தத்துக்குப் பின்னணியாகச் சுருங்குகின்றது. 1990 ஒக்டோபரில் குடாநாட்டினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் ஊர் மீளல் இவ்வெழுத்துக்களில் அரிதாகவே பேசப்படுகின்றது. அவர்களும் யாழ்ப்பாணத்தைச் சொந்த ஊர் என்று சொல்பவர்களே. சோனகதெருவின் இடிந்த சுவர்களும் நினைவிற்குரியவையே.

பிற நாட்டு இலக்கியத்தோடு ஒப்புநோக்கின் இவ்வியல்பு மேலும் தெளிவாகும். மைக்கல் ஒண்டாச்சி 1978இலும் 1980இலும் கனடாவிலிருந்து இலங்கைக்கு மேற்கொண்ட வருகைகளை அடிப்படையாகக் கொண்டு 1982இல் வெளியிட்ட குடும்ப வரலாறு, தமது முன்னோரின் களியாட்ட உலகைக் கவித்துவத்தோடு மீட்கிறது. அக்களியாட்டத்தைத் தாங்கிய தோட்டத் தொழிலாளரின் உழைப்பு அதில் நிழலாகவே நிற்கிறது. இதற்கு மறுதலையாக, மார்ட்டினிக் தீவுக் கவிஞர் ஏமே செசேர் 1939இல் வெளியிட்ட பிறந்தக மீட்சி பற்றிய நெடுங்கவிதை, தீவின் அழகிலே தொடங்கவில்லை. வறுமையிலும் நோயிலும் அடிமை முறையின் எச்சங்களிலும் தொடங்குகிறது. பாரிசில் தன் இனத்தவனான ஓர் ஏழையைப் பார்த்துப் பிறர் நகைத்தபோது தானும் உடன்பட்டு நகைத்த கோழைத்தனத்தைக் கவிதையின் குரல் ஒப்புக்கொள்கிறது. மீள்பவன் தனது நிலையையும் விசாரணைக்குட்படுத்துகிறான். எமது வருகை எழுத்திலே குறைவாகவுள்ளது இந்த விசாரணையே.

5

வருகையாளர் காணாது விடுவது யாது? இதற்கு விடையாக ஒரு சாதாரணப் பொருளை எடுத்துக்கொள்ளலாம்: வேலி. யாழ்ப்பாணத்து வளவுகளைச் சூழ்ந்திருந்த கிடுகு வேலி இன்று பல ஊர்களில் மதிலாக மாறிவிட்டது. வெளிநாட்டுப் பணத்தின் முதல் அடையாளம் பெரும்பாலும் அந்த மதிலே. பூவரசங் கதியாலும் கிடுகும் போய்ச் சீமெந்து வந்துவிட்டதே என வருகை எழுத்து ஏக்கங்கொள்வதுண்டு. ஆயின் கிடுகு வேலி ஒரு காட்சிப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. ஆண்டுதோறும் அது பிடுங்கி அடைக்கப்பட வேண்டும். கிடுகு பின்னிய பெண்களும் வேலியடைத்த ஆண்களும் பெரும்பாலும் அவ்வளவின் சொந்தக்காரர் அல்லர். வேலி பற்றிய ஏக்கத்திலே அந்த உழைப்பு இடம்பெறுவதில்லை. மதில் அவ்வுழைப்பைத் தேவையற்றதாக்கியபோது அவர்களுள் ஒரு பகுதியினர் இழிவினின்றும் விடுபட்டனர்; ஒரு பகுதியினர் வருமானத்தையும் இழந்தனர். இந்த இரட்டைத் தன்மையைக் காண்பதே யதார்த்தவாதத்தின் பணி. நினைவேக்கம் அதற்குப் போதாது.

அடுத்தது காணி. 1981இல் இன்றைய எல்லைகளுக்குட்பட்ட யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 7,38,000 பேர் வாழ்ந்தனர். 2012இல் இத்தொகை ஏறத்தாழ 5,83,000. மக்கள் குறைந்த மாவட்டத்தில் நிலம் எளிதிற் கிடைக்க வேண்டும் என ஒருவர் எண்ணலாம். உண்மையோ வேறு. உறுதிகள் வெளிநாட்டில் வாழ்வோரின் பெயர்களிலே கிடக்கின்றன. காணிகள் அற்றோணித் தத்துவம் மூலம் உறவினராற் பராமரிக்கப்படுகின்றன, அல்லது பற்றை மண்டிக் கிடக்கின்றன. அந்நிய நாட்டுப் பணம் காணி விலையை ஏற்றிவிட, உள்ளூரில் உழைப்பவர் அதனை வாங்க முடியாதவராகின்றார். வலிகாமம் வடக்கின் உயர்பாதுகாப்பு வலயத்தினின்றும் அகற்றப்பட்டு நலன்புரி நிலையங்களிலே பல்லாண்டு கிடந்தவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரின் விகிதம் மிகுந்திருந்தமையைப் பரம்சோதி தங்கேஸ், காலிங்க டியூடர் சில்வா ஆகியோரின் ஆய்வு சுட்டிக்காட்டியுள்ளது. காணியும் வெளிநாட்டு உறவும் உள்ளவர் வெளியேறினர். இரண்டும் அற்றவர் நின்றனர். பத்தாண்டு ஆட்சியால் உரிமை கோருவது தொடர்பாகப் போர்க்காலத்தை விலக்கிக் கணிக்க வழிசெய்யும் விசேட சட்டம் 2016இல் நிறைவேறியது. விரட்டப்பட்டவரின் உரிமையைக் காப்பதற்கு அது அவசியமே. இராணுவம் பிடித்த நிலத்துக்காகப் போராடும் மயிலிட்டி மக்களின் உரிமையும், ரொறன்ரோவில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர் தமது பற்றைக் காணியைப் பூட்டி வைத்திருக்கும் உரிமையும் சட்டத்திலே ‘உடைமை’ எனும் ஒரே சொல்லால் வழங்கப்படுகின்றன. இலக்கியம் அவற்றை வேறுபடுத்திக் காட்ட வேண்டும்.

மூன்றாவது கோயில். வருகையாளர் பணத்தால் குடாநாட்டின் சிற்றூர்க் கோயில்கள் கோபுரங்களும் சித்திரத்தேர்களும் பெற்றுள்ளன. 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடியவர்களின் கோரிக்கை அரை நூற்றாண்டின் பின் முற்றாக நிறைவேறிவிட்டதா? 2018இல் தென்மராட்சி வரணியில் ஒரு கோயில் தேர், வடம் பிடிக்க எல்லாச் சாதியினரையும் அனுமதிக்க விரும்பாமையால், மண் அகழும் இயந்திரங்கொண்டு இழுக்கப்பட்டது என்னும் செய்தி பரவலாக வெளிவந்தது. தேர்வடம் பிடிக்க வந்தவனைக் கல்லால் அடித்த கொடுமையை மஹாகவி முன்னரே ‘தேரும் திங்களும்’ எனப் பாடினார். நவீன இயந்திரம் புராதன உறவைக் காக்கப் பயன்படுவது மலாயாப் பணத்தின் கதையையே மீண்டும் நினைவூட்டுகின்றது.

எனினும் மணியோடர் காலத்தினின்றும் இன்றைய நிலை வேறுபடும் இடமும் உண்டு. அதனைக் கூறாது விடின் எமது நோக்கு இயந்திரத்தனமானதாகிவிடும். மலாயாவுக்குச் செல்ல ஆங்கிலக் கல்வி வேண்டியிருந்தது. அது உயர்சாதியினரின் கையிலே பெரும்பாலும் இருந்தது. 1983இன் பின்னர் கடன்பட்டேனும் சென்றவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதி இளைஞரும் இருந்தனர். அவர்கள் அனுப்பிய பணம் அவர்களது குடும்பங்களை நிலவுடைமையாளரின் கட்டினின்றும் ஓரளவு விடுவித்தது; முன்னர் குடியிருந்த நிலத்தையே விலைக்கு வாங்கிய குடும்பங்களும் உண்டு. ஒரு காலத்திற் படலைக்கு வெளியே நின்று பேசியவரின் மகன், வெளிநாட்டிலிருந்து வந்து அதே ஒழுங்கையில் மாடி வீடு கட்டுவது யாழ்ப்பாணச் சமூக வரலாற்றிலே சிறிய நிகழ்வு அன்று. அவனது ஊர் மீளலில் ஏக்கம் எவ்வாறு இருக்கும்? இளமைக்கால ஊரை இழந்த சொர்க்கமாக அவன் காண்பானா? வருகை எழுத்தின் வழமையான சூத்திரம் பொருந்தாத இடம் இது. அந்தக் கதை இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

நின்றவர்களின் நிலையையும் நோக்க வேண்டும். 2022 ஏப்ரிலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தது. அதே மாதங்களில் வருகையாளரின் பணம் ஏறத்தாழ இரட்டித்தது. தோட்டக்காரன் உரமும் மண்ணெண்ணெயும் இன்றித் தவித்தான். நுண்கடன் நிறுவனங்களிடம் வாரந்தோறும் தவணை கட்டும் பெண்ணும், தங்கைக்குக் கைத்தொலைபேசி கொண்டுவரும் அக்காவும் ஒரே கூரையின் கீழ் இரண்டு வாரங்கள் வாழ்கின்றனர். அவர்களிடையே அன்பு உண்டு. அந்த அன்பினூடே கடமையும் எதிர்பார்ப்பும் மனக்கசப்பும் வெட்கமும் ஓடுகின்றன. ‘எப்ப வந்தனீங்கள்?’ என்னும் கேள்வியும் அதனைத் தொடரும் ‘எப்ப போறியள்?’ என்னும் கேள்வியும் உபசாரம் மாத்திரமல்ல; இரண்டு பொருளாதாரங்கள் ஒன்றையொன்று அளக்கும் வினாக்களுமாகும். முதிய பெற்றோரைப் பராமரிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்ணொருத்தியும் அவ்வீட்டிலே இருக்கக்கூடும். தாய் யாரை முதலிற் கூப்பிடுகிறாள் என்பதை மகன் கவனிப்பானாயின், எழுதத்தக்க கதை அங்கேதான் தொடங்குகின்றது.

6

இறுதியாக ஒரு சொல்லின் வரலாற்றை நோக்குதல் பயனுடையது. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1950களிலும் 1960களிலும் தேசிய இலக்கியம், மண்வாசனை என்னும் கோஷங்களை முன்வைத்தது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் போலிமைக்கு எதிராக, இந்த மண்ணின் உழைப்பாளர் பேசும் மொழியும் அவர்தம் பிரச்சினைகளும் இலக்கியமாக வேண்டும் என்பதே அதன் பொருள். அதனாலேயே பழமைவாதிகள் அதனை ‘இழிசனர் வழக்கு’ என எள்ளினர். கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) அந்தக் கோஷத்தின் கனிந்த பயன்களுள் ஒன்று. டானியலுக்கு மண் என்பது உழப்படுவது, பங்கிடப்படுவது, மறுக்கப்படுவது, அதற்காக இரத்தம் சிந்தப்படுவது. இன்று வருகை எழுத்திலே அதே மண்வாசனை மீண்டும் மீண்டும் வருகின்றது; ஆயின் இப்போது மண் போய் வாசனை மட்டும் எஞ்சியுள்ளது. ஒடுக்கப்பட்டோரின் யதார்த்தத்தைக் கோரிய சொல், ஒடுக்குமுறை நினைவுகூரப்படாத ஓர் ஏக்கத்தின் சொல்லாக மாறிவிட்டது. கருத்துநிலை எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இந்நிலை மாற்றமுடியாதது அன்று. புலம்பெயர்ந்தோரிடையேயிருந்தே வேறு வகை எழுத்தும் வந்துகொண்டிருக்கிறது. சுவிற்சர்லாந்தில் வாழும் சயந்தனின் ‘ஆதிரை’ (2015), யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்க வீட்டைச் சுற்றி நில்லாது, மலையகத்திலிருந்து வந்து வன்னியிலே குடியேறிய மக்களின் வாழ்வைக் கதையின் நடுவே கொண்டுவருகிறது. எழுதுபவர் தூரத்திலே வாழ்வது ஒரு தடையல்ல என்பதை அது காட்டுகின்றது. தமது நினைவினின்றும் தூரமாக நிற்க முடியுமா என்பதே வினா.

எமது நோக்கிலே வருகை எழுத்து யதார்த்த இலக்கியமாக வளர்வதற்கு மூன்று மாற்றங்கள் வேண்டும். முதலாவது, நோக்குநிலை திருப்பப்படல் வேண்டும். பென்சனியரை ஊர் நோக்கியதுபோல வருகையாளரையும் ஊர் நோக்கட்டும்; நின்றவர்களின் வாயிலாக வந்தவரின் கதை சொல்லப்படட்டும். இரண்டாவது, பணமும் உறுதியும் பயணப்பெட்டியும் கதையின் பின்னணியிலிருந்து முன்னணிக்கு வரவேண்டும். உணர்வை அவை கொச்சைப்படுத்திவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. உணர்வு எத்தகைய நெருக்கடிக்குள் உயிர்வாழ்கின்றது என்பதை அவையே காட்டும். மூன்றாவது, ஊர் என்பது யாருடைய ஊர் என்னும் வினா ஒவ்வொரு முறையும் கேட்கப்படல் வேண்டும். சாதியால் விலக்கப்பட்டவரும், வெளியேற்றப்பட்ட முஸ்லிமும், கடல் கடந்து போக வழியற்று நின்ற ஏழையும் அதே பெயரால் அழைக்கும் இடம் அது.

1983இன் தலைமுறை முதுமையடைந்து வருகின்றது. அவர்களின் பெற்றோர் மறைந்துகொண்டிருக்கின்றனர். வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைகளுக்கு இவ்வூர் தாத்தாவின் ஊர், பாட்டியின் ஊர். இன்னும் சில ஆண்டுகளில் வருகைக்கு முதன்மைக் காரணமாகவிருந்த உறவுகள் குறைந்துபோக, வருகையாளருக்கும் ஊருக்கும் இடையே எஞ்சக்கூடியது காணி உறுதியும் கோயில் உபயமுமே. அப்போது இரண்டு வழிகள் உண்டு. உடைமையின் பேரில் மட்டும் ஊரோடு உறவு கொள்வது ஒன்று. ஊரில் வாழ்ந்து உழைக்கும் மக்களின் நலனோடு தம்மைப் பிணைத்து அவ்வுறவைப் புதுப்பிப்பது மற்றது. எந்த வழி தெரிவுசெய்யப்படும் என்பதை இலக்கியம் தீர்மானிக்காது. ஆயின் அத்தெரிவு ஒன்று உண்டு என்பதை அது உணர்த்தக் கூடும். தற்போதைய வருகை எழுத்திற் பெரும்பகுதி அத்தெரிவைக் கண்ணீரால் மறைக்கின்றது என்பதும், அம்மறைப்பை நீக்குவதே முற்போக்குத் திறனாய்வின் உடனடிக் கடமை என்பதும் எமது துணிபாகும்.